நற்பெயரே முதல்

  

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

நான் ஆலிமல்லன். ஊரிலே மதரஸாவில் சில வருஷங்கள் ஓதியதும், ஐந்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடம் போனதுமே என் படிப்பு. 18 வயதில் பினாங்கிற்கு வந்து, மாமுவின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கினேன். பிறகு தராசு பிடித்தேன். பிறகு கல்லாவில் உட்கார்ந்தேன். இப்பொழுது வயது 45 ஆகிறது. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இஷாவுக்குப் பின் நான் பேசியதை எழுதித் தரும்படி நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். கடைக்காரன் பேச்சுத்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக.

விஷயம் இதுதான். என் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அடுத்த வருஷம் சொந்தமாக மசாலைத் தூள் வியாபாரம் தொடங்க இருக்கிறார். நல்ல பிள்ளை, உழைப்பாளி. ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் தம் கைத்தொலைபேசியை என்னிடம் காட்டினார். அதிலே கோட்டுப் போட்டுக்கொண்டு அவருடைய படம்; அதற்குக் கீழே வளைத்து வளைத்து எழுதிய அவருடைய பெயர்; தொழிலில் வென்றவர்கள் பேசுவது போலப் பத்துப் பதினைந்து புத்திமதிகள். “காக்கா! இந்தக் காலத்தில் சரக்கு வாங்குவதற்கு முன்பே நம் பெயரை ஒரு பிராண்டாக ஆக்கிவிட வேண்டுமாம். சரக்கு பின்னால் வந்தால் போதும், பெயர் முன்னால் போக வேண்டும் என்கிறார்கள். இது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா?” என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. “கூடும்” என்றால் பெருமைக்கு வழிகாட்டியவன் ஆவேன். “கூடாது” என்றால், நல்ல பெயர் இல்லாமல் எந்த வியாபாரி பிழைத்தான்? நானே என் மாமுவின் பெயரை வைத்துத்தானே பிழைக்க ஆரம்பித்தேன்! ஆகவே, “தம்பி, யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். அந்த யோசனையைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

சகோதரர்களே! நற்பெயரை விரும்புவது பாவமன்று. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், தமக்குப் பின் வருவோரிடத்தில் தம்மைப் பற்றி உண்மையான நற்பேச்சு நிலைத்திருக்க வேண்டுமென்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டதைத் திருமறையின் 26-ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஆனால் அவர்கள் அதை யாரிடம் கேட்டார்கள்? அல்லாஹ்விடம் கேட்டார்கள். எப்படிப்பட்ட பேச்சைக் கேட்டார்கள்? உண்மையான பேச்சைக் கேட்டார்கள். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெற்றது 40-ஆவது வயதில் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு முன் அவர்கள் என்ன தொழில் செய்தார்கள்? நம் தொழில்தான், வியாபாரம்! மக்காவிலே கதீஜா (ரலி) அம்மையார் பெரிய வியாபாரச் சீமாட்டி. தம் சரக்கை ஒட்டகக் கூட்டத்தோடு ஷாம் தேசத்துக்கு அனுப்ப நம்பிக்கையான ஆள் தேடினார்கள். முதல் இல்லாத, சுமார் 25 வயதுள்ள ஒரு வாலிபரை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணம் யாது? அவருடைய உண்மையையும் அமானிதத்தையும் பற்றி ஊரார் பேசியது அவர்கள் காதில் விழுந்திருந்தது. அம்மையாரின் பணியாள் மைஸரா கூடவே போனார். திரும்பி வந்து, கண்டதையெல்லாம் சொன்னார். இலாபமும் வழக்கத்தை விட அதிகமாக இருந்தது.

பத்து வருஷம் கழிந்தது. கஃபாவைக் குறைஷிகள் புதுப்பித்துக் கட்டியபோது, ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் வைக்கும் கௌரவம் யாருக்கு என்று கோத்திரங்களுக்குள் சண்டை மூண்டது. இரத்தம் சிந்தும் நிலை! இனி இவ்வாசல் வழியாக முதலில் வருபவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவு செய்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நுழைந்தார்கள். கண்டதும் எல்லாரும் மகிழ்ந்து, இவர் அல்-அமீன், நம்பிக்கைக்குரியவர், இவர் தீர்ப்பை ஏற்போம் என்றார்கள். அவர்கள் ஒரு துணியை விரித்து, அதன் மேல் கல்லை வைத்து, ஒவ்வொரு கோத்திரத்தாரையும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் செய்து, தம் கையால் கல்லை அதன் இடத்தில் பொருத்தினார்கள். அப்போது அவர்களுக்கு வயது 35.

அந்தப் பெயரை அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளவில்லை. பெயர் என்பது பிறர் வைப்பது. பிறந்த குழந்தைக்குக் கூட வாப்பாவும் உம்மாவும்தான் பெயர் வைக்கிறார்கள். தொழிலில் பிறந்தவனுக்கு அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் வைக்கிறார்கள்.

பிறகு நபித்துவம் வந்தது. ஸஃபா மலை மேல் ஏறி நின்று, இந்த மலைக்குப் பின்னால் ஒரு குதிரைப் படை வருகிறது என்று நான் சொன்னால் நம்புவீர்களா என்று குறைஷிகளைக் கேட்டார்கள். நம்புவோம், உம்மிடத்தில் நாங்கள் உண்மையைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை என்று அவர்களே வாய்விட்டுச் சொன்னார்கள். வாலிபத்தில் சந்தையிலே சம்பாதித்த பெயர், மார்க்கத்தை எடுத்துச் சொல்லும் நாளில் சாட்சியாக வந்து நின்றது.

இன்னொன்றை வியாபாரிகளாகிய நாம் சிந்திக்க வேண்டும். அதே குறைஷிகள் பின்னர் அவர்களைப் பொய்யர் என்றார்கள், பைத்தியக்காரர் என்றார்கள், கொல்லவும் துணிந்தார்கள். ஆனால் தங்கள் பொருள்களை யாரிடம் அடைக்கலமாக வைத்திருந்தார்கள்? அவர்களிடமே வைத்திருந்தார்கள்! 622-ஆம் வருஷம் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், அந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். விரோதிகளின் வாய் ஒன்று சொல்லிற்று. அவர்களுடைய பணப்பை வேறொன்று சொல்லிற்று. ஒருவனுடைய உண்மையான பெயர் என்ன என்று அறிய வேண்டுமானால், ஊரார் அவனை எப்படிப் புகழ்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கையெழுத்தில்லாமல் அவனிடம் எவ்வளவு கொடுத்து வைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

“அவர்கள் நபியல்லவா, எங்களால் ஆகுமா?” என்று சிலர் கேட்கலாம். சரி, ஒரு தோழரைப் பார்ப்போம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தவர்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் சரிபாதி தருவதாகச் சொன்னார்கள். அதற்காக துஆச் செய்துவிட்டு, அவர் கேட்டதெல்லாம் சந்தைக்கு வழி மட்டுமே. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொழில் தொடங்கினார்கள். பின்னாளில் மதீனாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார்கள். புது ஊரில் முதல் இல்லாமல் தொடங்குவது எப்படியென்று சபுராளிகளாகிய நமக்கு இதை விட வேறு பாடம் வேண்டுமா?

இதுவரை பெரியோர்களைப் பற்றிச் சொன்னேன். இனி, வெட்கத்தை விட்டு, என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

27-ஆவது வயதில் மாமுவின் துஆவோடு சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் சிறிய கடை ஒன்று போட்டேன். சீனத் தவுக்கேக்கள் மாமுவின் முகத்துக்காக எனக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தார்கள். முதல் வருஷம் மழைக்காலத்தில் கூரை ஒழுகி, மிளகாய் வற்றல் மூட்டை ஒன்று அடியில் நனைந்துவிட்டது. உலர்த்திப் பார்த்தேன், பூஞ்சை வாடை போகவில்லை. கொட்டிவிட்டால் நஷ்டம், தவுக்கேக்குத் தவணை நெருங்குகிறது. என்ன செய்தேன் தெரியுமா? நனைந்ததை அடியில் போட்டு, நல்லதை மேலே பரப்பினேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

நாசி லெமாக் விற்கும் ஒரு மக்சிக் வந்தார். மாமுவின் கடையில் பல வருஷமாக வாங்கியவர். நான் தனிக் கடை போட்டதற்காக என்னிடம் வாங்க வந்திருந்தார். கிளறிப் பார்க்காமல் 5 கிலோ நிறுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காலை, கடை திறக்குமுன் வந்து நின்றார். விடியற்காலையில் அரைத்துச் சம்பல் கிண்டியிருக்கிறார். வாங்கிச் சென்றவர்கள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அன்றைய வியாபாரம் முழுவதும் போயிற்று. அவர் சத்தம் போடவில்லை. “உன் மாமாவின் கடையில் வளர்ந்த பிள்ளையென்று மூட்டையைப் பார்க்காமல் வாங்கினேன்” என்று மலாயில் ஒரு வார்த்தை சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனால் அவருடைய ஒரு நாள் உழைப்பை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதன் பிறகு அவர் என் கடையில் வாங்கவில்லை. வழியில் கண்டு ஸலாம் சொன்னால் பதில் சொல்வார், அவ்வளவுதான்.

மாமுவுக்குச் செய்தி போயிற்று. என்னைக் கூப்பிட்டு, “அந்த அம்மாள் உன்னை நம்பியா வாங்கினார்? என்னை நம்பி வாங்கினார். என்னுடைய 30 வருஷத்தை 5 கிலோ மிளகாய்க்கு விற்றுவிட்டாயே!” என்றார்கள். அடித்திருந்தால் கூட இவ்வளவு வலித்திராது.

மதரஸாவில் ஓதிய ஹதீஸ் அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் கடைக்காரர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அவர் குற்றமன்று. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம். மழை எல்லாருடைய கூரையிலும் பெய்கிறது. நஷ்டம் எல்லா வியாபாரிக்கும் வருகிறது. அந்த நேரத்தில் மூட்டையின் அடியில் எதை வைக்கிறான் என்பதில்தான் வாலிபனுக்குப் பெயர் பிறக்கிறது.

ஹிஜ்ரி 150-இல் மறைந்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரத்தில் பட்டு வியாபாரி. ஒரு துணியில் பழுது இருக்கிறது, சொல்லி விற்க வேண்டும் என்று கூட்டாளியிடம் சொல்லியிருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் இமாமவர்கள் தருமம் செய்துவிட்டார்கள். கிரயத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்ததென்று எண்ணிய நான் எங்கே! மறந்துபோன ஒரு சொல்லுக்காகக் கிரயம் முழுவதையும் இழந்த அவர்கள் எங்கே!

சகோதரர்களே! இதிலே இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. இந்த நாட்டில் நம் பெயர் நம்மோடு நிற்பதில்லை. மலாய்க்காரரும் சீனரும் நம்மையெல்லாம் சேர்த்து ‘மாமாக்’ என்று ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஒருவன் நிறுவையில் குறைத்தால் “மாமாக் கடையே இப்படித்தான்” என்று எல்லாருக்கும் சேர்த்துப் பேச்சு. நம் முன்னோர்கள் தோளிலே காண்டா சுமந்து, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகப் பினாங்குத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். அவர்களிடம் பெயர்ப் பலகை ஏது? இன்றைய கைச்சோறு நாளைக்கும் அதே அளவு, அதே சுத்தம் என்ற நம்பிக்கைதான் இருந்தது. ‘நாசி காண்டார்’ என்ற சொல்லே இன்று பினாங்கின் அடையாளமாகிவிட்டது. தொழில் தொடங்கும் வாலிபன் வெறுங்கையோடு தொடங்கவில்லை. இந்தப் பெயரைக் கடனாக வாங்கிக்கொண்டு தொடங்குகிறான். கடனைத் திருப்பிக் கொடுப்பது கடமையல்லவா?

இனி, பெயரின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். மறுமையில் முதன்முதலாகக் கணக்குக் கேட்கப்படுவோர் மூவர் என்று ஹதீஸில் வருகிறது. ஒருவர் போரில் உயிர் விட்டவர். ஒருவர் கல்வி கற்று ஓதிக் கொடுத்தவர். ஒருவர் வாரி வழங்கிய செல்வர். மூவரும் நல்ல காரியந்தான் செய்தார்கள். ஆனால் வீரன், ஆலிம், வள்ளல் என்று பெயர் எடுப்பதற்காகச் செய்தார்கள். அந்தப் பெயர் உலகத்திலேயே கிடைத்துவிட்டது என்று சொல்லி அவர்கள் நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுவார்கள். நவூதுபில்லாஹ்! வியாபாரி பாஷையில் சொன்னால், அவர்களுடைய வரவு இங்கேயே பற்று வைக்கப்பட்டுவிட்டது. அங்கே பாக்கி ஒன்றுமில்லை.

பினாங்கில் கப்பித்தான் பள்ளியில் நாம் தொழுகிறோம். 1801-இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த வணிகர் காதிர் முஹ்யித்தீன் அவர்களால் தோன்றியது அப்பள்ளி. அங்கே தினமும் ஸுஜூது செய்பவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும்? பதவியின் பெயரைச் சொல்கிறோம். ஆளின் பெயரை மறந்துவிட்டோம். அதனால் அவருக்கு என்ன நஷ்டம்? யார் பெயருக்கு நன்மை எழுதவேண்டும் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். இருநூறு வருஷத்துக்கு மேலாக அவருடைய கணக்கு நடந்துகொண்டுதான் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அப்படியானால் அந்தத் தம்பிக்கு என்ன பதில்? இதோ நான் சொன்னது:

“தம்பி! உன் பெயரையும் சரக்கையும் ஜனங்களுக்குத் தெரிவி, அதில் தோஷமில்லை. கடைக்குப் பலகை மாட்டுவது போலத்தான் அதுவும். ஆனால் படத்தில் காட்டும் மல்லித் தூளும் பொட்டலத்தில் இருக்கும் மல்லித் தூளும் ஒன்றாக இருக்கட்டும். காசு கொடுத்து நட்சத்திரம் போடச் சொல்வதும், வாங்காதவனை வாங்கினேன் என்று எழுதச் சொல்வதும் பொய்ச் சாட்சி. அதை விட்டு விலகு. ‘அல்லாஹ் மேல் ஆணை, இதைப் போல் சரக்கே கிடையாது’ என்று சத்தியம் செய்யாதே. சத்தியம் சரக்கை விற்றுக் கொடுக்கும், பரக்கத்தை அழித்துவிடும் என்பது ஹதீஸின் கருத்து. பழுதிருந்தால் விலை சொல்லுமுன் பழுதைச் சொல். கொடுத்ததையும் வாங்கியதையும் அன்றன்றே எழுது. திருமறையின் மிக நீளமான ஆயத்து எது தெரியுமா? இரண்டாவது அத்தியாயத்தில் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். தவுக்கேக்குச் சொன்ன தேதியில் பணம் முடியாவிட்டால், தேதிக்கு முந்திய நாளே நீயாக நேரில் போய்ச் சொல். அவன் தேடி வரும்படி வைக்காதே. முதல் மூன்று வருஷம் இப்படி நட. பிறகு உனக்குப் பெயர் வைக்க வேண்டியது மற்றவர்கள் வேலை.”

தம்பி விடவில்லை. “காக்கா, இதையெல்லாம் நல்ல பெயருக்காகவே செய்தால் அதுவும் ரியா ஆகாதா?” என்றார். நல்ல கேள்வி! நான் சொன்னேன்: “ஆள் பார்க்கும் இடத்தில் செய்வதை ஆள் பார்க்காத இடத்திலும் செய்கிறாயா என்று உன்னையே கேட்டுக்கொள். இறந்துபோன வாடிக்கைக்காரர் உன்னிடம் முன்பணம் வைத்திருந்தது அவர் பிள்ளைகளுக்குத் தெரியாதென்றால், நீயாகப் போய்க் கொடுப்பாயா? தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறது. நிறுக்கும் கையின் மேல் முத்திரை இல்லை. அங்கே பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. 83-ஆம் அத்தியாயம் நிறுவையில் குறைப்பவர்களைத்தான் எச்சரிக்கிறது. அந்தக் கையைச் சரிப்படுத்திக்கொள். பெயர் வந்தால் அல்ஹம்து லில்லாஹ். வராவிட்டாலும் கூலி எங்கும் போகாது.”

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், முப்பது வயதுள்ள மலாய் இளைஞர் ஒருவர் என் கடைக்கு வந்து மிளகாய் வற்றல் கேட்டார். மூட்டையைத் திறந்து வைத்தேன். மேலே கிடந்ததை அவர் பார்க்கவேயில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை மூட்டையின் அடிவரை விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு, “என் உம்மா பழக்கிய பழக்கம்” என்றார். யாருடைய பிள்ளையென்று கேட்டேன். அந்த மக்சிக்கின் மகன்! அவர் வஃபாத்தாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என்னைப் பற்றி மகனிடம் ஏதும் சொல்லியிருந்தாரோ, இல்லையோ, நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எனக்கு இல்லை. நடந்ததை நானே சொல்லி, அவருடைய உம்மாவுக்குச் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு 5 கிலோ நிறுக்கச் சொன்னார்.

இன்றும் மாதம் ஒருமுறை வருகிறார். இன்றும் கையை அடிவரை விட்டுத்தான் பார்க்கிறார். நான் தடுப்பதில்லை, மூட்டையின் வாயை இன்னும் அகலமாக விரித்துக் கொடுக்கிறேன்.

என் அருமைச் சகோதரர்களே! உண்மையும் நாணயமும் உள்ள வியாபாரி மறுமையில் நபிமார்களோடும் ஸித்தீக்குகளோடும் ஷுஹதாக்களோடும் இருப்பான் என்று ஹதீஸில் நன்மாராயம் வந்திருக்கிறது. தராசு பிடிக்கும் நமக்கு இதை விடப் பெரிய பதவி ஏது? தொழில் தொடங்கும் நம் பிள்ளைகளுக்குக் கையிலே முதல் கொடுக்கிறோம். அதோடு, மூட்டையின் அடியையும் மேலையும் ஒன்றாக வைக்கும் பழக்கத்தையும் கொடுப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் சொல்லையும் நிறுவையையும் நேராக்குவாயாக! எங்கள் வாலிபர்களின் வியாபாரத்தில் பரக்கத்தை இறக்குவாயாக! எங்களால் நஷ்டமடைந்து, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டவர்களின் மனத்தை நீயே குளிரச் செய்வாயாக! நாளை ஏடு விரிக்கப்படும் அந்நாளில், உன்னிடத்தில் எங்களை நம்பிக்கைக்குரியவர்களென்று எழுதிக்கொள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.